சொந்த ஊர்க் கொறங்காடு ஆய்வுக்கு ஆகாதா?

கேள்வி: கோவையில் பி.எஸ்சி. புவியியல் இரண்டாம் ஆண்டு முடித்திருக்கிறேன். சொந்த ஊர் காங்கேயத்துக்குப் பக்கம். அடுத்த ஆண்டு புராஜெக்ட் செய்ய வேண்டும். ‘கோவை மாநகரின் நிலப் பயன்பாட்டு மாற்றம்’ என்று எடுத்துக்கொள், சீனியர்கள் செய்தது கைவசம் இருக்கிறது என்கிறார்கள். எனக்கோ எங்கள் ஊர்க் கொறங்காடுகளைப் பற்றிச் செய்ய ஆசை. அதெல்லாம் ஆய்வாகுமா? இதற்கிடையே, ஜிஐஎஸ் (கணினியில் வரைபடம் தயாரித்து ஆராயும் முறை) படித்தால் வேலை நிச்சயம் என்று ஒரு பயிற்சி நிலையம் மூன்று மாதத்துக்கு 45,000 ரூபாய் கேட்கிறது. அப்பாவோ, ‘ஜாக்ரபி படித்தால் வாத்தியார் வேலைதானே அம்மிணி, உன் மாமன் மகன் மாதிரி கம்ப்யூட்டர் எடுத்திருக்கலாம்’ என்று தினமும் சொல்கிறார். எனக்கு ஒரு வழி சொல்லுங்கள்.
— பெயர் வெளியிட விரும்பாத மாணவி, காங்கேயம்

பதில்: கொறங்காட்டையே எடுங்கள், அம்மிணி. சீனியர்களின் கைவசச் சரக்கு அவர்களிடமே இருக்கட்டும்.

கோவை மாநகர நிலப் பயன்பாட்டை எத்தனை பேர் வரைந்தாயிற்று! வீடுகள் பெருகின, விளைநிலம் குறைந்தது என்று முடிவு வரும். அது படம் போடுவதற்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். தெரிந்த விடையை வண்ணம் தீட்டிக் காட்டுவது பயிற்சிக்கு உதவும். நாளை நேர்காணலில் ‘இதில் நீங்களாகக் கண்டறிந்தது என்ன?’ என்று கேட்டால் உதவாது.

மற்ற வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரங்கள், காங்கேயம் மாடும் செம்மறியும் மேயும் சொந்த மேய்ச்சல் நிலம்: இதுதான் கொறங்காடு. காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் பக்கம் நிறையப் பார்க்கலாம். பட்டாவில் அது வெறும் புன்செய். எத்தனை ஏக்கர் மிஞ்சியிருக்கிறது என்று பட்டாவைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அதனால்தான் இது நல்ல கேள்வி.

ஆனால் வட்டாரம் முழுவதையும் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். மூன்று நான்கு வருவாய்க் கிராமங்கள் போதும். கேள்வியும் ஒரே வரியில் அடங்க வேண்டும்: 2016இல் கொறங்காடாக இருந்த நிலத்தில் இன்று என்ன இருக்கிறது? தென்னையா, சோலார் பலகையா, வீட்டுமனையா, சீமைக்கருவேலமா, அல்லது இன்னும் புல்தானா? ஐரோப்பிய சென்டினல்-2 செயற்கைக்கோள் 2015இலிருந்து எடுத்த படங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

சிக்கல் இனிமேல்தான். அந்தப் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். தனியாக நிற்கும் வெள்வேலம் அதில் கரைந்துவிடும். ஏப்ரல் படத்தைப் பார்த்தால் காய்ந்த கொறங்காடும் சும்மா கிடக்கும் தரிசும் ஒரே பழுப்பு. சீமைக்கருவேலமும் தென்னையும் மட்டும் பச்சை. வடகிழக்குப் பருவமழை முடிந்த டிசம்பர் படத்தில் கொறங்காடு தழைத்திருக்கும். ஆனால் பக்கத்து மானாவாரிச் சோளமும் அதே பச்சையில் நிற்கும். இரண்டையும் எப்படிப் பிரிப்பது? சோளம் அறுத்தால் பச்சை சட்டென்று விழும். புல் மெல்ல மெல்லத்தான் காயும். எனவே ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு கணினியை நம்பாதீர்கள். டிசம்பர், பிப்ரவரி, ஏப்ரல் என்று மூன்று படங்களை அடுக்கிப் பாருங்கள். நவம்பரில் மேகம் தொல்லை கொடுக்கும், விட்டுவிடலாம். இந்த அறுவடைக் கணக்கு எந்தப் பயிற்சி நிலையத்திலும் சொல்லித் தரப்படாது. உங்களுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும்.

பிறகு வரைபடத்தில் நூறு புள்ளிகளைக் குலுக்கல் முறையில் எடுத்து, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். வெட்டவெளியில் செல்போன் ஜிபிஎஸ் சில மீட்டர் பிழைக்குள் காட்டும்; அது போதும். படம் சொன்னதை ஒரு கட்டத்திலும், கண் பார்த்ததைப் பக்கத்துக் கட்டத்திலும் எழுதி வாருங்கள். நூற்றில் எழுபதுதான் சரி என்று வந்தால் எழுபது என்றே போடுங்கள். தவறிய முப்பது எங்கே, ஏன் தவறியது என்று எழுதும் அந்தப் பக்கத்தைத்தான் விவரம் தெரிந்தவர் முதலில் புரட்டுவார்.

காட்டுக்காரர்களிடம் ஒன்று கேட்க மறக்காதீர்கள்: முதலில் மாட்டை விற்றார்களா, முதலில் காட்டை மாற்றினார்களா? இது எந்தச் செயற்கைக்கோளுக்கும் தெரியாது. உங்கள் அப்பாவிடமிருந்தே ஆரம்பிக்கலாம். கண்ணபுரம் மாட்டுச் சந்தை கூடும்போது ஒரு நாள் போய் வந்தால் இன்னும் பேச ஆள் கிடைப்பார்கள்.

ஆய்வு பாதி வந்ததும் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் செயற்கைக்கோள் படங்களை ஆராயும் தொலையுணர்வுத் துறைக்கோ, ஆனைகட்டியில் உள்ள சலீம் அலி பறவையியல் மையத்துக்கோ எழுதிப் பாருங்கள். ‘எனக்கு ஜிஐஎஸ்ஸில் ஆர்வம்’ என்று எழுதினால் பதில் வராது. ஒரு பக்கம், ஒரு வரைபடம், ஒரு சந்தேகம் என்று அனுப்புங்கள். பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் அறிவியல் கழகங்கள் மூன்றும் சேர்ந்து மாணவர்களுக்குக் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை தருகின்றன. புவி அறிவியலும் அதில் உண்டு. பணம் கட்டினால் ஒரே வாரத்தில் கட்டுரை வெளியிடுகிறோம் என்று வரும் மின்னஞ்சல்களை மட்டும் திறக்காமலே அழித்துவிடுங்கள்.

இனி அப்பாவின் கவலை. வாத்தியார் வேலை ஒன்றும் குறைந்ததில்லை, பி.எட்., ஆசிரியர் தகுதித் தேர்வான டெட் என்று அந்த வழி இருக்கவே இருக்கிறது. ஆனால் அது மட்டும்தான் என்பது பழைய கணக்கு. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு இந்திய நிறுவனங்கள் முன் அனுமதி இல்லாமலே வரைபடம் தயாரிக்கலாம் என்று விதியைத் தளர்த்தியது. 2022இல் தேசியப் புவிசார் கொள்கை வந்தது. உங்கள் பக்கத்திலேயே பாருங்கள்: பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பி உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள், பொள்ளாச்சியில் தென்னை வேர்வாடல். காற்றாலைக்கு இடம் தேடவும் நோய் பரவும் திசை பார்க்கவும் வரைபடம் வேண்டும்.

தனியார் நிறுவனத்தில் முதல் வேலை பெரும்பாலும் படத்தின் மேல் கோடு இழுப்பதுதான். சலிப்பான வேலை, சம்பளமும் சுமார். அதிலேயே தேங்காமல் இருக்க பைத்தான் என்ற நிரல்மொழியும் தரவுத்தள மொழியும் வேண்டும். மாமன் மகன் இருக்கிறானே, அவனிடமே கேட்டுக்கொள்ளுங்கள்! மேற்படிப்புக்குச் சென்னைப் பல்கலைக்கழகம், திருச்சி பாரதிதாசன், டேராடூனில் இஸ்ரோவின் தொலையுணர்வு நிறுவனம். மேற்படிப்பு நுழைவுத் தேர்வான கேட்டில் 2022 முதல் ஜியோமேட்டிக்ஸ் (நில அளவையும் வரைபடவியலும்) தனித்தாளாக இருக்கிறது. அரசு நில அளவர் வேலைக்கு மட்டும் ஐடிஐ, டிப்ளமோ என்று வேறு தகுதி கேட்பார்கள். அறிவிக்கையைப் படிக்காமல் விண்ணப்பக் கட்டணம் கட்டாதீர்கள்.

அந்த 45,000 ரூபாய்? வேண்டாம். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம். அதே டேராடூன் நிறுவனம் இணையவழிப் பாடங்களை இலவசமாக நடத்திச் சான்றிதழும் தருகிறது. 8 ஜிபி நினைவகம் உள்ள பழைய லேப்டாப் ஒன்றை வாங்குங்கள், மிச்சத்தில் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள். முன்பணம் ஏதும் கட்டிவிட்டிருந்தால், ‘வேலை நிச்சயம்’ என்பதை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள்; தர மறுத்தால் ரசீதைக் காட்டி இந்த வாரமே பணத்தைத் திருப்பி வாங்கிவிடுங்கள்.