பரண்மேல் ஏறிய கிடார்

அம்மா, வணக்கம்.

மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் படிக்கும் மகன் பாட்டு எழுதப் போகிறேன் என்று கல்லூரியை விடப் பார்க்கிறான். நீங்கள் கிடாரைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டீர்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் படிப்பா, பாட்டா என்று இந்த மாதமே முடிவு கட்டும்படி இருவரும் ஒருவரையொருவர் நெருக்குகிறீர்கள். அதுதான் எனக்குக் கவலை.

அவனுக்குப் பிடித்த பாடகர் பில் விதர்ஸ் என்று எழுதியிருந்தீர்கள். நல்லதாயிற்று. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிச் சுரங்கத்தை நம்பியிருந்த ஸ்லாப் ஃபோர்க் என்ற சிற்றூரில் 1938இல் பிறந்தவர் அவர். பேச்சில் திக்கல் உண்டு. ஒன்பது ஆண்டுகள் கடற்படையில் இருந்தார். பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் விமானங்களுக்கான கழிவறைகளைச் செய்யும் வேலை. அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துத்தான் பாடல்களைப் பதிவு செய்து இசை நிறுவனங்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1971இல் 'எய்ன்ட் நோ சன்ஷைன்' என்ற பாட்டு வந்தபோது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. முதல் இசைத்தட்டின் அட்டையை மகனிடம் காட்டச் சொல்லுங்கள்: வேலை செய்த இடத்திலேயே, கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு நிற்கிறார். பாட்டுத் தொழில் நிலையில்லாதது என்று நினைத்ததால் வேலையை உடனே விடவில்லை.

அந்தப் பாட்டில் ஓரிடத்தில் 'ஐ நோ' என்று 26 முறை தொடர்ந்து வரும். அங்கே வேறு வரிகள் எழுதி நிரப்பத்தான் எண்ணியிருந்தார். தயாரிப்பாளர் புக்கர் டி. ஜோன்ஸும் ஸ்டூடியோவில் இருந்த மற்றவர்களும் அப்படியே விடச் சொன்னார்கள். அனுபவசாலிகள் சொல்கிறார்கள் என்று அந்தத் தொழிற்சாலை ஊழியர் கேட்டுக்கொண்டார். இன்றைக்கும் கேட்பவர் மனத்தில் முதலில் நிற்பது அந்த இடம்தான். முதலில் வேறொரு பாட்டின் மறுபக்கமாக வெளிவந்த அது, வானொலி அறிவிப்பாளர்கள் தட்டைத் திருப்பிப் போட்டதால் பரவி, 1972இல் கிராமி விருதும் பெற்றது.

எல்லோருக்கும் இப்படி அமையாது. அதை அவனிடம் ஒளிக்காதீர்கள். ஆனால் மாதச் சம்பளம் அந்த மனிதரின் பாட்டைக் கெடுக்கவில்லை, காப்பாற்றியது. பட்டத்துக்கு இன்னும் மூன்று பருவம்தான் பாக்கி. அதை முடிக்கட்டும். பிறகு ஒரு வேலையில் சேர்ந்து, சொந்தக் காசில் பதிவு செய்யட்டும். அதுவரை வாரத்தில் இரண்டு மாலைகள் அவனுடையவை என்று நீங்களும் வாக்குக் கொடுங்கள். அந்த நேரத்தில் "படித்தாயா?" என்று கேட்கக் கூடாது.

அவனிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான்: தொடங்கிய பாட்டுகளில் எத்தனையை முடித்திருக்கிறான்? முடித்தவற்றில் மூன்றைத் தேர்ந்தெடுத்து, இசை தெரிந்த வெளியாள் ஒருவரிடம் பாடிக் காட்டட்டும். அவர் சொல்வதை எழுதிக்கொண்டு, உங்களோடு அடுத்த மாதம் என்னை வந்து பார்க்கட்டும்.

அதற்கு முன் கிடாரை இறக்கிக் கொடுத்துவிடுங்கள், அம்மா. பரண் சூட்டில் அதன் மரம் வளைந்துவிடும்.