டொக்டரிடம் கேளுங்கள்: ஒரு ‘பொசிட்டிவ்’ போதுமா?

கேள்வி: வெள்ளவத்தையில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். மூன்று வயதில் மகன் இருக்கிறான். இப்போது 11 வாரக் கர்ப்பம். இரத்தப் பரிசோதனையில் சைட்டோமெகலோ வைரஸுக்கு ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.எம். இரண்டுமே பொசிட்டிவ். பிள்ளை குறையோடுதான் பிறக்கும், இப்போதே யோசி என்கிறார் மாமி. என்ன செய்வது? பிறந்தபின் தாய்ப்பால் கொடுக்கலாமா?

பதில்: தங்கச்சி, முதலில் மாமிக்கு ஒரு பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்து அமர்த்துங்கள்.

சைட்டோமெகலோ என்பது சின்னவர்களின் எச்சில், சிறுநீர் வழியாகப் பரவும் ஒரு வைரஸ். ஐ.ஜி.ஜி.யும் ஐ.ஜி.எம்.மும் அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருட்கள். ஐ.ஜி.ஜி. இருந்தால் இந்த வைரஸ் எப்போதோ உடம்புக்குள் வந்திருக்கிறது, அவ்வளவுதான். அண்மைத் தொற்றைக் காட்ட வேண்டியது ஐ.ஜி.எம். ஆனால் அது நம்பகமற்ற சாட்சி. தொற்று வந்து பல மாதங்களுக்குப் பிறகும் பொசிட்டிவாக இருக்கும். சில வேளை வேறு வைரஸ் தொற்றிலும் பொய்யாகக் காட்டும். அந்த ஒற்றைத் தாளை நீட்டி ‘கலைத்துவிடலாமா’ என்று கேட்பவர்களிடம் எனக்குப் பொறுமை போய்விடுகிறது.

உங்களுக்கு இப்போது வேண்டியது ஐ.ஜி.ஜி. அவிடிட்டி பரிசோதனை. அந்த எதிர்ப்பொருள் வைரஸை எவ்வளவு இறுகப் பிடிக்கிறது என்று அது பார்க்கும். புதிய தொற்றில் பிடி தளர்ந்திருக்கும். மாதங்கள் போகப்போக இறுகும். 11 வாரத்தில் பிடி இறுக்கமாக இருந்தால், தொற்று பெரும்பாலும் கருத்தரிப்பதற்கு முன்பே வந்தது. பிள்ளைக்கு ஆபத்து மிகக் குறைவு. நாள் கடந்தால் இந்த விடைக்குப் பெறுமதி இல்லை. ஆகவே அடுத்த கிளினிக் வரை காத்திராமல் உங்கள் மகப்பேற்று நிபுணரிடம் கேளுங்கள்.

பிடி தளர்வு என்றாலும் எல்லாம் முடிந்துவிடாது. கர்ப்பத்தில் முதன்முறை தொற்றும் தாய்மாரில் 100க்கு 30 முதல் 40 பேரின் பிள்ளைக்கே அது கடக்கிறது. 2020இல் வெளியான இஸ்ரேலிய ஆய்வில், நாளுக்கு 8 கிராம் வலசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை எடுத்த தாய்மாரில் பிள்ளைக்குக் கடந்தது 11 சதவீதம், எடுக்காதோரில் 30. 8 கிராம் என்றால் 500 மில்லிகிராம் குளிசை பதினாறு! சிறுநீரகத்தைக் கவனித்தபடி நிபுணர்தான் தர வேண்டும். பார்மசியில் நீங்களாக வாங்காதீர்கள். பிள்ளைக்குத் தொற்றியதா என்பதைப் பனிக்குட நீரில் செய்யும் பி.சி.ஆர். சொல்லும். அதை 20 வாரத்துக்குப் பிறகு, தொற்று வந்து எட்டு வாரமாவது கழிந்தே செய்வார்கள்.

பிறந்த பிள்ளையின் சிறுநீரை 21 நாட்களுக்குள் பரிசோதிக்க வேண்டும். பிந்தினால், வயிற்றில் வந்ததா வெளியே வந்ததா என்று பிரித்தறிய முடியாது. நோய் அறிகுறிகள் தெளிவாக உள்ள பிள்ளைக்கு முதல் மாதத்திலேயே வல்கன்சிக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்கி ஆறு மாதம் கொடுப்பார்கள். வெள்ளணுக்கள் குறையக்கூடும் என்பதால் இரத்தம் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அறிகுறி இல்லாத, ஆனால் தொற்றுள்ள பிள்ளைக்கும் சில வருடங்கள் காது கேட்டலைச் சோதிக்க வேண்டும். குறைபாடு பிந்தியும் வரும்.

வேலையை விட வேண்டாம். சின்னவர்களின் மூக்கு, எச்சில், பம்பர்ஸ் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள். மகன் மிச்சம் வைத்த சோற்றைத் தின்று முடிப்பதையும், அவன் கரண்டியில் ருசி பார்ப்பதையும் நிறுத்துங்கள். முத்தம் நெற்றியில் இருக்கட்டும்.

தாய்ப்பாலா? மாதம் நிறைந்து பிறந்த பிள்ளைக்குத் தாராளமாகக் கொடுங்கள். மிகக் குறைமாதத்தில் பிறந்தால் மட்டும் குழந்தை நல மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.