துரு பிடித்த வால்வுக்கு எண்ணெய் விடலாமா?

முதியோர் இல்லங்களும் சிறு மருத்துவமனைகளும் ஆக்சிஜன் சிலிண்டர் பற்றி அனுப்பிய கேள்விகளில் சில. கடலோர ஊர்கள் அல்லவா, துருப் பேச்சுதான் அதிகம்.

கேள்வி: உப்புக்காற்றில் வால்வு இறுகிவிடுகிறது. இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டால் என்ன? (தொண்டி)

பதில்: விடவே கூடாது. நம் பக்கம் படகு இன்ஜினிலிருந்து வாசல் கீல் வரை எது இறுகினாலும் எண்ணெய் அல்லது கிரீஸ்தான் மருந்து. ஆக்சிஜனுக்கு மட்டும் அது ஆகாது. நிரம்பிய சிலிண்டருக்குள் சுமார் 150 பார் அழுத்தம், அதாவது வெளிக்காற்றைப் போல் சுமார் 150 மடங்கு, இருக்கும். அந்த அழுத்தத்தில் ஆக்சிஜன் பட்டால், எண்ணெய்ப் பிசுக்கு நெருப்புப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். வால்வைச் சடாரென்று திறந்தால், அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டருக்குள் வாயு ஒரே நொடியில் அமுங்கிச் சூடேறும். அந்தச் சூடே போதும். ஆகவே மீன் பொரித்த கையோடு வால்வைத் தொடாதீர்கள். மெல்லத் திறங்கள், அழுத்தம் காட்டும் கேட்ஜுக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள். அப்படியும் திறக்கவில்லையா? தட்டவோ நெம்பவோ வேண்டாம், சப்ளையரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வாங்கும்போதே அடிப்பாகத்தைப் பாருங்கள். பெயின்ட் உப்பி, துரு செதில் செதிலாக உதிர்ந்தால் 'இது வேண்டாம்' என்று சொல்லத் தயங்காதீர்கள். சிலிண்டரில் பொறித்திருக்கும் அழுத்தச் சோதனைத் தேதி 5 ஆண்டைத் தாண்டியிருந்தாலும் அப்படித்தான்.

ஆக்சிஜன் ஏற்றப்படும் நோயாளிகளின் காய்ந்த மூக்கில் வாஸ்லின் தடவும் பழக்கத்தையும் இதோடு விட்டுவிடுங்கள். தண்ணீரில் கரையும் ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும்.

கேள்வி: உள்ளே இடமில்லை. பின்கட்டுக் கீற்றுக் கொட்டகையில் நிறுத்தலாமா? (கீழக்கரை)

பதில்: 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் 28 பேரைக் கொன்ற தீ, கீற்றுக் கொட்டகையில் பிடித்ததுதான். ஆக்சிஜன் தானாக எரியாது, ஆனால் எரிவதை வெறிபிடித்தாற்போல் எரிய வைக்கும். காற்றோட்டமுள்ள, வெயில் படாத, ஓட்டுக்கூரையோ கான்கிரீட்டோ உள்ள அறை வேண்டும். சமையல் கேஸும் ஜெனரேட்டர் டீசலும் அங்கே வரக்கூடாது. மணல் ஈரம் அடியை அரிக்கும், அதனால் சிமென்ட் திண்டின் மேல் நிமிர்த்தி வைத்துச் சங்கிலி போடுங்கள்.

கேள்வி: காலி சிலிண்டரை எப்படியும் போட்டு வைக்கலாம்தானே? (மண்டபம்)

பதில்: இல்லை. சிறிது வாயு மிச்சமிருக்கும்போதே வால்வை மூடுங்கள். திறந்து கிடந்தால் ஈர உப்புக்காற்று புகுந்து உள்ளிருந்தே அரிக்கும். 'காலி' என்று அட்டை கட்டித் தனியாக நிறுத்துங்கள். அவசரத்தில் நள்ளிரவில் எடுப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோல்தான் தெரியும்.

கேள்வி: புயல் நேரத்தில் கரண்ட் போனால் கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மின்கருவி) நின்றுவிடும். ஒரு சிறிய சிலிண்டர் எவ்வளவு நேரம் தாங்கும்? (பாம்பன்)

பதில்: 'பி' டைப் என்றால் நிரம்பியிருக்கையில் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் போனால் 12½ மணி நேரம், 5 லிட்டர் போனால் 5 மணி நேரம். கேட்ஜ் பாதி காட்டினால் நேரமும் பாதி. ஐப்பசி பிறக்கும் முன்பே கணக்குப் போட்டு வாங்கிவிடுங்கள். மழை வலுத்தபின் வண்டி வரும் என்று நம்ப முடியாது.

கேள்வி: நோயாளி அறையில் சாயங்காலம் சாம்பிராணி போடலாமா? (தேவிபட்டினம்)

பதில்: வேண்டாம். விளக்கு, கொசுவர்த்தி, பீடி எதுவும் அந்த அறைக்குள் கூடாது. ஆக்சிஜனை நிறுத்திய பிறகும் போர்வையிலும் துணியிலும் அது கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். சாம்பிராணியை வாசலில் போட்டுக்கொள்ளுங்கள்.