பிரேக் அடித்தால் நேரே போகுது, காலை எடுத்தால் சுத்துது!

கேள்வி: காரைக்குடியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். லாஜிடெக் ஜி29 ஸ்டியரிங் வாங்கி, ஐயா காலத்து பர்மா தேக்கு மேசையில் மாட்டி, அசெட்டோ கோர்ஸா என்ற கார் ரேஸ் கேம் ஆடுகிறேன். வளைவுக்குள் பிரேக் அடித்தால் கார் திரும்பாமல் நேரே ஜல்லிக்குள் போய்விடுகிறது. பிரேக் இல்லாமல் ஆக்சிலரேட்டரோடு நுழைந்து, பயந்துபோய் சட்டென்று காலை எடுத்தால் பம்பரமாகச் சுற்றுகிறது. இதில் நாற்காலி வேறு பின்னால் ஓடுகிறது. எங்கள் அம்மான் திருப்பத்தூர் ரோட்டில் எவ்வளவோ வேகமாகப் போகிறார், அவர் கார் ஒருநாளும் சுற்றியதில்லை. இந்த கேமின் இயற்பியல் உண்மைதானா, இல்லை வேண்டுமென்றே கஷ்டமாக வைத்திருக்கிறார்களா?

பதில்: கேம் மேல் பழி போடாதீர்கள், தம்பி. நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறும் நிஜக் காரிலும் இதே மாதிரிதான் வரும். அம்மான் எவ்வளவு விரட்டினாலும், டயரிடம் இருக்கும் பிடியில் பெரும்பகுதியைத் தொடாமலேயே வீடு வந்து சேர்கிறார். தப்பித்தவறி எல்லை தாண்டினாலும் இன்றைய கார்கள் பலவற்றில் ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் தடுப்பது), ஈஎஸ்சி (கார் சுற்றாமல் பிடிப்பது) என்று காப்பாற்ற ஆள் இருக்கிறது. நீங்களோ ஒவ்வொரு வளைவிலும் பையைத் துடைத்துச் செலவழிக்கிறீர்கள்.

ஒவ்வொரு டயரிடமும் நூறு ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கும் அதிலிருந்துதான், திருப்புவதும் அதிலிருந்துதான். வளைவுக்குள் பிரேக்கை முழுசாக அழுத்தினால் நூறும் அங்கேயே தீர்ந்தது. அப்புறம் ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் கார் நேரேதான் போகும். இதுவரை எல்லோரும் சொல்வதுதான். ஆனால் இந்த வரவு செலவில் நம் கணக்குப்பிள்ளை கழித்தல் செல்லாது. 80 ரூபாய் பிரேக்குக்குப் போனால் திருப்ப மிஞ்சுவது 20 இல்லை, 60! பிரேக் விசை காரின் நீளவாக்கில், திருப்பும் விசை பக்கவாட்டில். இரண்டும் செங்கோணம் என்பதால் பிதாகரஸ் கணக்கு. 80-இன் வர்க்கம் 6,400, 60-இன் வர்க்கம் 3,600, கூட்டினால் நூறின் வர்க்கம். பிரேக்கில் ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால் திருப்பும் பிடியில் பாதிக்கு மேல் கைக்கு வருகிறது. வளைவுக்குள் நுழைந்தபடி பிரேக்கை மெல்ல விடுவதை டிரெயில் பிரேக்கிங் என்று பெரிதாகப் பேசுகிறார்களே, அதன் சூட்சுமம் இந்தப் பேரம்தான்.

செய்முறை இப்படி: கனமான பிரேக் முழுக்க நேர்ரோட்டிலேயே முடியட்டும். ஸ்டியரிங்கைத் திருப்பத் தொடங்கும்போது பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். கை எந்த அளவு திரும்புகிறதோ அந்த அளவு கால் தளர வேண்டும். வளைவின் உள்விளிம்பைத் தொடும் இடத்தில் பிரேக் பூஜ்யம்.

'சட்டென்று காலை எடுத்தால்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த 'சட்டென்று'தான் உங்கள் காரைச் சுற்ற வைக்கிறது. ஆக்சிலரேட்டரை விட்டதும் எடை முன்பக்கம் சாய்கிறது. ஏற்கெனவே ஒடித்து வைத்திருக்கும் முன்சக்கரங்களுக்குத் திடீரென்று பிடி கிடைக்கிறது, பின்சக்கரங்கள் இலேசாகின்றன. பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்க்கிறது. அவ்வளவுதான் சங்கதி. பாதி விட்டு, அரை நொடி பொறுத்து, மீதியை விட்டுப் பாருங்கள்.

வேகத்துக்கு ஒரு கணக்கு. 100 கிலோமீட்டரில் எடுத்த வளைவை அதே தடத்தில் 110-இல் எடுக்க 21 சதவீதம் அதிகப் பிடி வேண்டும். வேகத்தின் வர்க்கம் அது. தடத்தை அகலமாக்கினால் மாறாகச் சாதகம்: ஆரம் இரண்டு மடங்கானால், அதே பிடியில் 41 சதவீதம் அதிக வேகம். அதனால்தான் வெளியோரத்தில் தொடங்கி, உள்விளிம்பைத் தொட்டு, மறுபடி வெளியோரம் போகிறோம். இதைப் பார்க்க ரேஸ் டிராக் வரை போக வேண்டாம். நம் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயத்தில், எல்லையில் வண்டி திரும்பும் இடத்தில் நின்று பாருங்கள். பாய்ந்து வந்து திருப்புகிற சாரதி ரோட்டை விட்டு வெளியே போய் மாட்டை இழுத்துக்கொண்டிருப்பார். முன்கூட்டியே அடக்கி, அகலமாக வந்து ஒடித்தவர் அதற்குள் திரும்பி முந்தியிருப்பார்.

சரி, கேம் எவ்வளவு உண்மை? 2014-இல் முழுமையாக வெளிவந்த அசெட்டோ கோர்ஸாவின் எடைச் சாய்வும் டயர் நடத்தையும் நம்பத் தகுந்தவை. ஆனால் வழுக்கத் தொடங்கிய பிறகு டயர் என்ன செய்யும் என்பதைக் கணிப்பது எல்லா சிமுலேட்டருக்குமே சிரமம். அந்த இடத்தில் சில கேம்கள் நிஜத்தைவிடக் கொடூரம் என்பது என் அபிப்பிராயம். பெரிய குறை வேறு: நிஜக் காரில் பின்பக்கம் நழுவுவதை முதலில் உட்கார்ந்திருக்கும் இடுப்பு சொல்லிவிடும். உங்களிடம் இருப்பது ஸ்டியரிங் மட்டும். அதைக் கவனியுங்கள். முன்டயர்கள் தங்கள் எல்லையை நெருங்கும்போது, பிடி போவதற்குச் சற்று முன்பே, ஸ்டியரிங் கனம் குறைந்து இலேசாகும். அங்கே மேலும் ஒடிக்காதீர்கள், கொஞ்சம் நேராக்கி விடுங்கள்.

கேம் செட்டிங்கில் பார்வைக் கோணத்தையும் (திரையில் எவ்வளவு அகலமாகக் காட்சி தெரிகிறது என்பது) சரிசெய்யுங்கள். 24 அங்குல மானிட்டர், கண்ணிலிருந்து 70 சென்டிமீட்டர் என்றால் செங்குத்துக் கோணம் 24 டிகிரி சுமாருக்குத்தான் வரும். கண்பட்டை கட்டிய குதிரையின் பார்வை மாதிரி குறுகலாகத்தான் தோன்றும், இரண்டு நாளில் பழகிவிடும். அகலமாக வைத்தால் வளைவு இருக்கும் தூரத்தைவிடத் தள்ளித் தெரிந்து, பிரேக் பிந்தும்.

கடைசியாக அந்த நாற்காலி. நீங்கள் போகிறபோக்கில் எழுதியது, எனக்கு அதுதான் முதல் சந்தேகம். பழைய வீடு என்றால் தரை ஆத்தங்குடிக் கல்லாகத்தான் இருக்கும். தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக இருக்கும் தரையில் சக்கர நாற்காலி. பிரேக்கை மிதிக்கிற அதே விசை உங்களையே பின்னால் தள்ளுகிறது. பிரேக்கை 80-இலிருந்து 60-க்கு நிதானமாக விடுவது அந்த நாற்காலியில் யாராலும் முடியாது. சக்கரத்தைக் கழற்றுங்கள், அல்லது நாற்காலியின் முதுகைச் சுவரோடு ஒட்டிப் போட்டு மேசையையும் பெடலையும் அதற்குத் தக்கபடி நகர்த்துங்கள். பெடலுக்கு அடியில் ரப்பர் பாய் ஒன்று. மஸ்டா எம்எக்ஸ்-5 போல இஞ்சின் பலம் குறைந்த கார் ஒன்றை எடுத்து, ஒரே வளைவை ஐம்பது தடவை ஓட்டிவிட்டு எழுதுங்கள்.