இரண்டு கிலோவுக்கு ஜாமீன், இருபத்தொரு கிலோவுக்கு இல்லையா?

கேள்வி: நண்பனின் காரில் வந்த என் தம்பியை, டிக்கியில் இருந்த மூட்டையில் 21 கிலோ 300 கிராம் கஞ்சா இருந்ததாகக் கூறி நண்பனோடு சேர்த்துக் கைது செய்துவிட்டார்கள். மூட்டையைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்கிறான். நான்கு மாதமாக ஜாமீன் கிடைக்கவில்லை. ஆனால் 2 கிலோவுடன் பிடிபட்ட எங்கள் தெருப் பையன் சில வாரங்களில் வீட்டுக்கு வந்துவிட்டான். இது எப்படி?
– ஒரு வாசகி, தேனி மாவட்டம்

பதில்: இருவருக்கும் இடையில் நிற்பது எடைதான், சகோதரி. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி கஞ்சாவில் 1 கிலோ வரை சிறு அளவு; 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. இடைப்பட்ட அளவு என்றால் மற்றக் குற்ற வழக்குகளைப் போலவே நீதிமன்றம் ஜாமீனைப் பரிசீலிக்கும். வணிக அளவு என்றால் 37-ஆவது பிரிவு குறுக்கே வந்துவிடும். அரசு வழக்கறிஞர் எதிர்த்தால், இவர் குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணங்கள் உண்டு என்றும், வெளியே வந்தால் குற்றம் எதுவும் செய்ய மாட்டார் என்றும் நீதிபதிக்கு மனநிறைவு ஏற்பட வேண்டும். விசாரணை தொடங்கும் முன்பே கிட்டத்தட்ட நிரபராதி என்று காட்டச் சொல்வது மிகக் கடுமையான நிபந்தனை என்றே நான் கருதுகிறேன்.

உங்கள் தம்பியின் வழக்கில் 20 கிலோவுக்கு மேல் இருப்பது 1 கிலோ 300 கிராம் மட்டுமே என்பதால், கைப்பற்றுதல் மகஜரின் (பொருளைப் பறிமுதல் செய்தபோது எழுதப்பட்ட பதிவின்) நகலை வாங்கி வரிவரியாகப் படியுங்கள். சட்டத்தின் பார்வையில் கஞ்சா என்பது செடியின் பூக்களும் காய்களும் உள்ள நுனிப்பகுதிதான். நுனியோடு சேராத இலையும் விதையும் அதில் அடங்கா. இலை, தண்டு, சாக்கு எல்லாவற்றையும் ஒன்றாகத் தராசில் வைத்து எடுத்த எடை என்று மகஜரிலேயே தெரிந்தால், அது வணிக அளவுதானா என்ற ஐயம் எழும். இந்தக் காரணத்துக்காக உயர் நீதிமன்றங்கள் ஜாமீன் வழங்கியதுண்டு.

'எனக்குத் தெரியாது' என்ற சொல் மட்டும் போதாது. பொருள் இருப்பதை அறிந்தே வைத்திருந்தார் என்று சட்டம் அனுமானித்துக்கொள்வதால், கார் யாருடையது, டிக்கிச் சாவி யாரிடம் இருந்தது, தம்பி எங்கே ஏறினார், இருவருக்கும் பணப் பரிமாற்றம் உண்டா என்பவற்றையெல்லாம் மனுவில் எடுத்துவைக்க வேண்டும். 'இவனும் கூட்டு' என்று நண்பன் விசாரணை அதிகாரியிடம் சொல்லியிருந்தால் அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். அத்தகைய ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்று தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. விசாரணை முடிவின்றி இழுத்துக்கொண்டே போனால் 37-ஆவது பிரிவையும் மீறி ஜாமீன் தரலாம் என்று 2023-இல் அதே நீதிமன்றம் கூறியது; ஆனால் அந்த வழக்கில் சிறைவாசம் ஏழு ஆண்டுகளைத் தாண்டியிருந்தது.

நீங்கள் இப்போதே நாட்காட்டியில் குறிக்க வேண்டியது 180-ஆவது நாள். முதலில் ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்து எண்ணுங்கள். அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாமலும், அரசு வழக்கறிஞரின் அறிக்கையின் பேரில் நீதிமன்றம் காலத்தை நீட்டிக்காமலும் இருந்தால், ஜாமீன் அவருடைய உரிமையாகிவிடும். 37-ஆவது பிரிவு அதைத் தடுக்காது. மனுப் போடுவதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும் என்பதால், 181-ஆவது நாள் நீதிமன்றம் திறந்ததும் மனு அங்கே இருக்க வேண்டும். வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுங்கள். கட்டணமின்றி வழக்கறிஞரை நியமித்துத் தருவார்கள்.