பயாப்சி ரிப்போர்ட்டில் 'சிடிஎக்ஸ்2 பாசிட்டிவ்': எங்களுக்கும் வருமா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. எண்டோஸ்கோப்பி பயாப்சியில் 'இன்டஸ்டைனல் மெட்டாபிளேசியா, சிடிஎக்ஸ்2 பாசிட்டிவ், எச். பைலோரி உள்ளது' என்று வந்திருக்கிறது. சிடிஎக்ஸ்2 புற்றுநோய் ஜீன் என்கிறார்கள். பிள்ளைகளான எங்களுக்கும் வருமா டாக்டர்?

பதில்: முதலில் பதற்றத்தை விடுங்கள், நீங்கள் எழுதியிருப்பது புற்றுநோய் ரிப்போர்ட் இல்லை. சிடிஎக்ஸ்2 நம் எல்லோருக்கும் இருக்கிற ஜீன்தான். செல்லுக்குள் இருக்கும் சுமார் இருபதாயிரம் ஜீன்களில் எது வேலை செய்யணும், எது சும்மா இருக்கணும் என்று ஏவுகிற மேஸ்திரிகள் மாதிரி சில புரதங்கள் உண்டு, அவைதான் டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்கள். சிடிஎக்ஸ்2 ஜீன் தரும் புரதம் குடலுக்கான மேஸ்திரி. நல்ல இரைப்பையில் அதற்கு வேலையே கிடையாது.

எச். பைலோரி கிருமி வருடக்கணக்காக இரைப்பைச் சுவரை அழற்சியிலேயே வைத்திருந்தால், அங்கே இந்த ஜீன் இயங்க ஆரம்பித்துவிடுகிறது. அப்புறம் இரைப்பைச் செல் மெல்லக் குடல் செல்லாக மாறி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அங்கே இருக்கவே கூடாத, சளி நிரம்பிய கோப்பை வடிவச் செல்கள் தெரியும். ரிப்போர்ட்டில் இருக்கும் 'இன்டஸ்டைனல் மெட்டாபிளேசியா' இந்த மாற்றம்தான். எலிகளின் இரைப்பையில் சிடிஎக்ஸ்2வை மட்டும் இயக்கிப் பார்த்ததில், கிருமியே இல்லாமல் இதே மாற்றம் வந்தது.

ஆனால் மனிதருக்குப் புற்றாக இது மட்டும் போதாது, பலருக்கு இந்த நிலையைத் தாண்டிப் போவதே இல்லை. இன்னும் சில கோளாறுகள் சேரணும், உதாரணமாக, பழுதான செல் பெருகாமல் தடுக்கும் பி53 கெடணும் (அதுவும் டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்தான், இரைப்பைப் புற்றில் அதிகம் பழுதாவது அதுவே), பெருக்கத்தை முடுக்கிவிடும் மிக் அளவுமீறணும், பரவும் கட்டத்தில் ஸ்னெய்ல், ட்விஸ்ட் போன்றவை செல்களை ஒட்டவைக்கும் ஈ-கேட்ஹெரினை அடக்கணும். ரன்எக்ஸ்3 என்ற இன்னொன்றும் பேசப்படுகிறது, அதன் பங்கு பற்றி ஆய்வாளர்களே இன்னும் சண்டை போடுகிறார்கள்.

சரி, உங்களுக்கு வருமா? சிடிஎக்ஸ்2 இப்படி இயங்கியது அப்பாவின் இரைப்பைக்குள் நடந்த சங்கதி, பிள்ளைகளுக்கு இறங்காது. கிருமிதான் வீட்டுக்குள், அதுவும் சின்ன வயதிலேயே, தொற்றும். ஆகவே நீங்களும் ஒரு பரிசோதனை செய்துகொள்ளலாம். பரம்பரையாக வரும் வகைக்கு முக்கியக் காரணம் சிடிஎச்1 என்ற வேறு ஜீன், 1998இல் நியூசிலாந்தின் மாவோரி குடும்பங்களில் கண்டறிந்தது. நெருங்கிய உறவில் இளவயதிலேயே 'டிஃப்யூஸ்' வகை (கட்டியாகத் திரளாமல் இரைப்பைச் சுவரில் சிதறிப் பரவும்) இரைப்பைப் புற்று வந்திருந்தால் மரபணு ஆலோசனைக்குப் போங்கள்.

கிருமியை ஒழிக்க அப்பாவுக்கு மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைகளை, பெரும்பாலும் 14 நாள், பாதியில் நிறுத்தாமல் முடிக்கட்டும். முடித்துக் குறைந்தது 4 வாரம் கழித்து யூரியா மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்யணும். அதற்கு 2 வாரம் முன்பே, மருத்துவரிடம் சொல்லிவிட்டு, அமிலத்தைக் குறைக்கும் பேண்டோபிரசோல் வகை மாத்திரைகளை நிறுத்திவிடணும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும். ரத்தத்தில் ஆன்டிபாடி பார்ப்பது இதற்கு உதவாது, கிருமி போன பிறகும் அது ரொம்ப நாள் பாசிட்டிவாகவே இருக்கும். மெட்டாபிளேசியா இரைப்பையின் கீழ்ப்பகுதியோடு நிற்கிறதா, மேலே உடல்பகுதி வரை பரவியிருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். பரவியிருந்தால் 3 வருடத்துக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பி. புகையிலையும் கருவாடு, ஊறுகாய் உப்பும் குறையட்டும். எடை குறைந்தாலோ, மலம் தார் போலக் கறுத்தாலோ, விழுங்கும்போது சிக்கினாலோ மட்டும் அடுத்த எண்டோஸ்கோப்பி தேதிக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.