ஜப்பான் பெட்டிக்கு 180 டாலரா?

கேள்வி: நியூ ஜெர்சியில் எங்கள் தெருவில் ஒரு வீட்டைக் காலி செய்து சாமான்களை விற்கிறார்கள். அங்கே ஒரு ஜப்பான் நகைப்பெட்டி. கறுப்புப் பளபளப்பு, மூடியில் ஃபூஜி மலை, சிப்பி பதித்த பூ. திறந்தால் பாட்டு ஓடுகிறது. "19ஆம் நூற்றாண்டு அரக்கு வேலை, 180 டாலர்" என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: பெட்டி பிடித்திருந்தால் வாங்குங்கள். ஆனால் 19ஆம் நூற்றாண்டு என்ற பேச்சுக்குக் காசு கொடுக்காதீர்கள். பாட்டுப் பாடும் இந்த மாதிரிப் பெட்டிகள் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க வீடுகளுக்கென்றே செய்து அனுப்பியவை.

முதலில் பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். 'மேட் இன் ஆக்குபைடு ஜப்பான்' (போருக்குப் பின் அந்நியப் படைகளின் பிடியில் இருந்த ஜப்பானில் செய்தது) என்றிருந்தால் 1947க்கும் 1952க்கும் இடைப்பட்டது, சந்தேகமே வேண்டாம். 'நிப்பான்' (ஜப்பானியர் தங்கள் நாட்டைச் சொல்லும் பெயர்) என்றிருந்தால் கொஞ்சம் உட்கார்ந்து பார்க்கலாம். இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1891 முதல் கேட்டது. 1921இல் 'நிப்பான்' போதாது, 'ஜப்பான்' என்றே போடு என்றது. அதனால் 'நிப்பான்' பெட்டி பெரும்பாலும் அந்த இரண்டு ஆண்டுகளுக்கு இடைப்பட்டது. எழுத்தே இல்லையா? அதை வைத்துப் பழையது என்று சொல்லிவிட முடியாது. காகித லேபிள் எப்போதோ உரிந்து போயிருக்கும்.

அடுத்து பாட்டுக் கருவி. அதில் 'சான்க்யோ' என்று இருந்தால் கதை முடிந்தது. அந்தக் கம்பெனி தொடங்கியதே 1946இல்தான். கீலில் உள்ள திருகின் தலையில் கூட்டல் குறி போல வெட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த வகைத் திருகு 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது.

அப்புறம், நாம் 'அரக்கு' என்று சொன்னாலும் இது நம்மூர் அரக்கு இல்லை. நம்முடையது பூச்சி தருவது. ஜப்பானில் உருஷி மரத்தைக் கீறி வடிக்கும் பால். அது வெயிலில் காயாது, ஈரக்காற்றில்தான் இறுகும்! அதன் மேல் தங்கப் பொடியைத் தூவிப் படம் வரைவதுதான் மாகியே. பூதக்கண்ணாடியில் பார்த்தால் பொடி மணிமணியாகத் தெரியும். அச்சடித்த தங்கம் ஒரே தட்டையாக இருக்கும். போருக்குப் பிந்தைய மலிவுச் சாமான்களில் பல உருஷியே பார்த்திராதவை; முந்திரி ஓட்டு எண்ணெயில் செய்த பூச்சு, அல்லது ரசாயனப் பூச்சு.

அதற்காக ஏற்றுமதிச் சரக்கு என்றாலே மட்டம் என்று நினைக்க வேண்டாம். 1640 வாக்கில் ஐரோப்பியருக்காகச் செய்த மசாரின் பெட்டி, லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. வேலைப்பாட்டைப் பார்த்தால் கண் நகராது. உங்கள் தெருப் பெட்டி அந்த ஜாதி இல்லை, அவ்வளவுதான்.

நானாக இருந்தால் 40 டாலருக்கு மேல் போக மாட்டேன். வாங்கினால் ஜன்னல் வெயிலில் வைக்காதீர்கள், பூச்சு மங்கிவிடும். குளிர்காலத்தில் ஹீட்டர் பக்கமும் வேண்டாம். மரம் சுருங்கி மூலையில் வெடிப்பு விழும். சாவி கொடுத்து, பாட்டு கடைசி வரை ஓடுகிறதா என்று கேட்டுவிட்டுப் பர்ஸை எடுங்கள்.